சாராள் டீச்சரின் நன்னடத்தை

சாராள் டீச்சர் யாரையாவது கொலை செய்துவிடுவாரோ என்று அரசாங்கத்துக்கு ஒரு கவலை வந்தது. வெறுமனே வந்த கவலை அல்ல. கோப்பு எண் போட்டு, மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்டு, முறைப்படி வந்த கவலை. அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, 1974 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஹெட் கான்ஸ்டபிள் அப்பாதுரை மேற்குத் தாம்பரத்தில் டீச்சர் குடியிருந்த வீட்டு வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

டீச்சர் ஏழாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாகக் கணக்கு டீச்சர். பிள்ளைகளைப் பிரம்பால் தொட்டதே இல்லை என்பதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பெயர்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். சின்ன என்கொயரி" என்றார் அப்பாதுரை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. "தணிகாசலம் ரிலீசாவப் போறான். அதான் உங்களாண்ட ஒரு ஸ்டேட்மெண்ட் வாங்கிகினு போலாம்னு."

 டீச்சர், திருத்தின தாளையே இன்னொரு முறை திருத்தினார்.

தணிகாசலம் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரப்பாக்கத்திலிருந்து கிழக்கே இரண்டு மைல் உள்ளே போனால் நெடுங்குளமேடு. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு வாய்க்கால். காலனியில் ஓட்டுக்கூரை போட்ட சின்னச் சபை ஒன்று உண்டு. 1966-இல் குருத்தோலை ஞாயிறு காலையில் அந்தச் சபைப் பவனி வரப்பு வழியாகப் போகாமல் மேலத்தெரு வழியாகப் போனது. அது போர்டு ரோடு, எல்லோருக்கும் பொது. காலனிக்காரர்கள் மண் சுமந்து போட்ட ரோடு. டீச்சரின் தம்பி அசரியா, இருபத்துநான்கு வயது, ரயில்வேயில் ஃபிட்டர், புதுச் செருப்பும் கையில் ஓலையுமாக முதல் ஆளாகப் பாடிக்கொண்டு போனான். தெருவின் சரிபாதியில், ரேஷன் கடைக்கு முன்னால், தணிகாசலமும் இன்னும் மூன்று பேரும் கம்போடு நின்றார்கள்.

"பாடணும்னா உங்க பக்கம் பாடிக்க. மேலத்தெரு வழியா வரக் கூடாது" என்றான் தணிகாசலம். கோபமாகச் சொல்லவில்லை. இந்த பஸ் இங்கே நிற்காது என்று கண்டக்டர் சொல்வதுபோலச் சொன்னான். அசரியா பாட்டை நிறுத்தாமல் ஓரடி முன்னால் வைத்தான். அந்த ஓரடிதான் அவன் வைத்த கடைசி அடி. மூன்று வரிசை பின்னால் ஓலையோடு நின்ற சாராள் எல்லாவற்றையும் பார்த்தார்.

மூன்று பேர் சந்தேகத்தின் பலனில் வீட்டுக்குப் போனார்கள். தணிகாசலத்துக்கு ஆயுள் தண்டனை. ஆயுள் என்றால் ஆயுள் என்று டீச்சர் எண்ணியிருந்தார். கணக்கு டீச்சரல்லவா, கணக்கு அப்படித்தான் தப்பும். உள்ளே அவன் இருந்தது எட்டு வருடம். தலைவர்களின் பிறந்தநாள், நூற்றாண்டு விழா, நன்னடத்தை, இரத்ததானம் என்று ஒவ்வொன்றுக்கும் கழித்ததில் அரசாங்கக் கணக்குப்படி பதினான்கு வருடம் இருந்துவிட்டான். மிச்சத்தை விடுதலை ஆலோசனைக் குழு பார்த்துக்கொள்ளும்.

அப்பாதுரை படிவத்தை விரித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "தண்டனையாளி விடுதலை பெற்றால் அவர் உயிருக்குக் கொலையுண்டவர் தரப்பினரால் ஆபத்து உண்டா?"

"எங்களாலயா?" என்றார் டீச்சர்.

"உங்களாலதான்."

"அவரால எங்களுக்கு ஆபத்து உண்டான்னு கேள்வி எங்க இருக்கு?"

அப்பாதுரை நாணயமான மனிதர். படிவத்தை முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். "அந்த மாதிரி கேள்வி இதுல இல்லீங்களே."

தன் அம்மா ஞானம்மாள் அந்தக் காலனியில்தான் இருக்கிறார், மேலத்தெரு முனையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தனியாக, என்று டீச்சர் சொன்னார். அதற்கும் படிவத்தில் இடம் இல்லை. கொலைக்கான காரணம் என்ற இடத்தில் மட்டும் நிறையக் கட்டங்கள் இருந்தன: நிலம், நீர், பெண், பொருள், போதை, திடீர்த் தகராறு.

"எங்களைப் பிடிக்காது. எங்க ஆளுங்க அந்தத் தெருவுல நடந்தா பிடிக்காது. அதான் காரணம். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கங்க" என்று, தணிகாசலம் அன்று சொன்ன அந்த வாக்கியத்தை நிறுத்தி நிதானமாக, டிக்டேஷன் போடுவதுபோலச் சொன்னார் டீச்சர். எட்டு வருடத்தில் அதை அவர் ஐந்து அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார். ஒருவர்கூட எழுதிக்கொண்டதில்லை.

அப்பாதுரை கட்டங்களை விரலால் தடவிப் பார்த்தார். "பிடிக்காதுன்னு ஒரு கட்டம் இல்லியே டீச்சர். திடீர்த் தகராறுல டிக் போட்டுக்கிறேன். அதான் கொஞ்சம் காலியா கீது."

வாக்குமூலத்தை எழுதி முடித்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். இங்கேதான் டீச்சர் ஒரு பெரிய தவறு செய்தார். வேண்டுமென்று செய்ததல்ல, கையில் இருந்தது திருத்துகிற பேனா, முன்னால் இருந்தது தப்பும் தவறுமாக ஒரு தாள். 'திடீர்த் தகராறு' என்ற இடத்தை அடித்து 'குருத்தோலைப் பவனி' என்று எழுதினார். 'இரு தரப்பும் மோதிக்கொண்டதில்' என்ற இடத்தை அடித்து 'நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்' என்று எழுதினார். பதினாறு வருடப் பழக்கம், கை தானாகவே அடியில் இறங்கி, பத்துக்கு மூன்று என்று மதிப்பெண் போட்டு வட்டமும் போட்டுவிட்டது. அதற்குக் கீழே கையெழுத்து.

அப்பாதுரை அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார். ஸ்டேஷனில் பிரித்தபோதுதான் அவருக்கு வியர்த்தது.

அடுத்த மாதம் நன்னடத்தை அலுவலர் கஸ்தூரிரங்கன் வந்தார். நல்ல மனிதர், மெல்லிய குரல், வெள்ளைச் சட்டை. நேரே நெடுங்குளமேட்டுக்குப் போய் ஞானம்மாளையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். வீட்டில் ஆயுதம் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு ஞானம்மாள் காய் நறுக்குகிற அரிவாள்மணையைக் காட்டினாராம். 'ஆயுதம்: ஒன்று' என்று அறிக்கையில் ஏறியிருந்தது.

"மேடம், உங்க நல்லதுக்குச் சொல்றேன், தப்பா நினைச்சுக்கப்படாது" என்றார் கஸ்தூரிரங்கன். "குழுவுக்கு ஒரே கேள்விதான். உங்களுக்கு அவன் மேல கோபம் இருக்கா? இருக்குன்னு சொன்னேள்னா நீங்க டேஞ்சர். இல்லைன்னு சொன்னேள்னா உங்களுக்கு நோ அப்ஜெக்‌ஷன்."

"நான் அப்ஜெக்‌ஷன்தான் சார் சொல்றேன். அவர் அதே தெருவுக்குத்தான் திரும்பி வருவார். எங்கம்மா அங்க தனியா இருக்காங்க. செஞ்சது தப்புன்னு அவர் ஒரு நாளும் சொன்னதில்லை."

"அது அவனோட மனசு மேடம். மனசுக்குள்ள நாங்க போகமுடியாது. கான்டக்டை, நடத்தையைத்தான் பார்ப்போம்."

"என் மனசுக்குள்ள மட்டும் எப்படி வர்றீங்க?"

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர்களுக்கு இப்படி அடிக்கடி கண்ணாடி அழுக்காகும்.

குழுவில் போய்ப் பேச முடியுமா என்று டீச்சர் கேட்டார். கொலையுண்டவர் தரப்பைக் குழு விசாரிப்பதில்லை, விதியில் இடமில்லை என்றார் அவர். ஆனால் அக்டோபரில் ஒரு குறிப்பாணை வந்தது. அரசு ஆவணத்தில் சிவப்பு மையால் எழுதும் உரிமை தணிக்கை அலுவலர்களுக்கு மட்டுமே உண்டென்றும், அந்த உரிமையைச் சாராள் என்பார் எவ்வாறு பெற்றார் என்பதை நேரில் வந்து விளக்க வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. தம்பி செத்ததற்காகக் கூப்பிடாதவர்கள் மைக்காகக் கூப்பிட்டார்கள்.  ஆனாலும் டீச்சருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தக் கதவானால் என்ன, உள்ளே போனால் சரி.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பயணியர் மாளிகையில் குழு கூடியது. தலைவர் பத்ரிநாராயணன் முப்பது வருடம் பல இலாகாக்களில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இலாகாவிலும் ஒரு கோப்பையும் தாமதிக்கவில்லை, படிக்கவும் இல்லை. பக்கத்தில் அபிதகுஜாம்பாள் அம்மையார், சிறைகளுக்குப் பழமும் புத்தியும் கொண்டுபோகிற சமூக சேவகி. கஸ்தூரிரங்கன் ஓரத்தில் கோப்போடு நின்றார். டீச்சருக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. தலைவர் பார்த்துவிட்டு, "அது சாட்சிகளுக்கான நாற்காலி, இவங்க சாட்சி இல்லையே" என்றார். நாற்காலி எடுக்கப்பட்டது. தம்பி கொலையைக் கண்ணால் பார்த்த ஒரே அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

மை பற்றிய விசாரணை முக்கால் மணி நேரம் நடந்தது. பேனா எந்தக் கடையில் வாங்கியது, மை பள்ளியினுடையதா சொந்தமா, பத்துக்கு மூன்று என்பது காவல்துறைக்குப் போட்டதா அல்லது அரசாங்கத்துக்கே போட்டதா என்றெல்லாம் தலைவர் கேட்டார். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நீல மையால் பதிவானது.

பிறகு தணிகாசலத்தின் கோப்பு. அதற்கு ஆறு நிமிடம்.

"நான் நேரில் பார்த்ததைச் சொல்லிடறேன்" என்று அபிதகுஜாம்பாள் தொடங்கினார். "நெசவுக் கொட்டடியில ஒரே ஒரு குழாய். முன்னாடியெல்லாம் தினம் அங்க அடிதடி. இவனை மேஸ்திரியாப் போட்டதுக்கப்புறம் ஒரு சத்தம் கிடையாது. அவனே வரிசை பிரிச்சு வச்சிருக்கான். முதல்ல இவா, அப்புறம் இவா, கடைசியில அவா. கடைசி வரிசைக்காரா குழாயைத் தொடக்கூட மாட்டா. இவன் ஆள் விட்டு ஊத்தச் சொல்லுவான், அவா கையேந்திக் குடிச்சுட்டுப் போவா. ஒரு முணுமுணுப்பு இல்லை. எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து."

 "கடைசி வரிசையில நிக்கிறவங்க யாரும்மா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதெல்லாம் நாங்க கேட்கறதில்லை. சிறையில ஜாதி கிடையாது."

"அதுதான் நம்ம கொள்கையே" என்றார் தலைவர். "வெளியில இவ்வளவு பேர் சேர்ந்து செய்ய முடியாத ஒழுங்கை ஒரு கைதி உள்ள இருந்து செஞ்சிருக்கான். திருந்தினதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"ஐயா, இதைத்தான் அவர் வெளியிலயும் செஞ்சார். இதுக்காகத்தான் என் தம்பியைக் கொன்னார்" என்றார் டீச்சர். 

"கோப்புல திடீர்த் தகராறுன்னு இருக்கு."

"அதைத்தான் நான் சிவப்பு மையில திருத்தினேன்."

"சிவப்பு மையில எழுதினது செல்லாதுன்னு இப்பதான் தீர்மானம் போட்டோம்."

 தலைவர் பரிவோடு முன்னால் சாய்ந்தார். "ஒரே கேள்வி. தணிகாசலத்து மேல உங்களுக்குக் கோபம் இருக்கா?"

கஸ்தூரிரங்கன் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் அசைத்து எச்சரித்தார். டீச்சர் பார்க்கவில்லை. பதினாறு வருடமாகப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல், அடிக்க மாட்டேன் என்று சொல்லி வந்தவர். அந்த வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு என்று நம்பிவிட்டார்.

"இருக்குங்க ஐயா."

தலைவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "பாருங்கோ. அவனைக் கேட்டப்போ, எனக்கு யார் மேலயும் கோபம் இல்லைன்னான். அன்னிக்கும் இல்லை, இன்னிக்கும் இல்லைன்னான். இந்த அம்மா எட்டு வருஷம் கழிச்சும் கோபமா நிக்கறா. சமூகத்துக்கு யாரால ஆபத்துன்னு ஒரு குழந்தைகூடச் சொல்லிடும்."

டிசம்பரில் தணிகாசலம் விடுதலையானான். ஊரில் மாலை போட்டார்களாம். அவன் உயிருக்குப் பாதுகாப்பாக மேலத்தெருவில் ஒரு போலீஸ்காரரும் நிறுத்தப்பட்டார். ஜனவரியில் டீச்சருக்கு மாஜிஸ்திரேட்டிடமிருந்து சம்மன் வந்தது. ஓராண்டுக்கு அமைதி காப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும், மாதத்தின் முதல் சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும், முன் அனுமதி இல்லாமல் நெடுங்குளமேடு எல்லைக்குள் நுழையக் கூடாது. மீறினால் ஜெயில். ஜெயிலுக்குப் போனால் வேலை போகும்.

அப்படி எழுதிக்கொடுப்பதற்கு முதல் நாளே டீச்சர் போய் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். "தாம்பரம் வந்துடும்மா. என்னை இனிமே இங்க வர விடமாட்டாங்க."

ஞானம்மாள் சபைக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தைக் கையால் காட்டினார். "அவன் இங்கதான் கீறான். நான் அங்க வந்து இன்னா பண்றது? அந்தாளு வந்தா வரட்டும். நான் கதவைச் சாத்திகினு படுத்துக்கிறேன்." கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. டீச்சர் ஒரு புதுத் தாழ்ப்பாளை வாங்கி, தானே ஆணி அடித்துப் போட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தார்.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை. ஸ்டேஷன் வராந்தாவில் குற்றவாளிகளுக்கான பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சாராயம் காய்ச்சினவர், இன்னொரு பக்கம் சைக்கிள் திருடினவர். சைக்கிள் திருடினவர் அவருடைய பழைய மாணவர். எழுந்து நின்று, "குட்மார்னிங் டீச்சர்" என்றார். அந்த நேரத்தில் தணிகாசலம் வந்தான். நெடுங்குளமேட்டு அமைதிக் குழுவுக்கு அவனை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவன் என்று. இன்ஸ்பெக்டர் அறைக்குள் நாற்காலி, டீ. போகிற வழியில் பெஞ்சுக்கு முன்னால் நின்றான். தலை நரைத்திருந்தது. நெற்றியில் பளிச்சென்று திருநீறு. 

"நல்லா கீறீங்களாம்மா?" என்றான் மரியாதையாக. "அந்தப் பையன் பேரு இன்னா... ரோசனை பண்ணிகினே வந்தேன், மறந்துபூட்டுது."

"அசரியா."

"ஆங், அதான். நமக்கு யார் மேலயும் கோவம் இல்லம்மா." சொல்லிவிட்டு உள்ளே போனான்.

டீச்சர் அழவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைய பதிவேட்டில் தணிகாசலத்துக்கு நேரே 'நடத்தை நன்று' என்றும், அவருக்கு நேரே 'பேசாமல் இருக்கிறார், கவனிக்க வேண்டும்' என்றும் எழுதப்பட்டது.

மார்ச் மாதம் குருத்தோலை ஞாயிறு வந்தது. ஒன்பது வருடமாக அந்த ஞாயிறு டீச்சர் அம்மாவோடுதான் இருந்திருக்கிறார். இந்த வருடம் மனுப்போட்டார். மனுவுக்கு ஒரு படிவம். அந்தப் படிவத்தைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது: கைதிகள் பரோலில் வீட்டுக்குப் போகக் கேட்கிற படிவம். 'கைதி' என்ற சொல்லை அடித்து 'சாராள்' என்று தட்டச்சு செய்திருந்தார்கள். போக விரும்பும் காரணம், உடன் வருவோர், திரும்பும் நேரம். கடைசிக் கட்டம்: பாதிக்கப்படக்கூடியவரின் கருத்து. பாதிக்கப்படக்கூடியவர் என்ற இடத்தில் தணிகாசலம், மேலத்தெரு.

குருத்தோலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அனுமதி தயாராக இருந்தது. முத்திரையோடு, பச்சை மையில் பெரிய அதிகாரி கையெழுத்தோடு. அப்பாதுரை அதை நீட்டும்போது டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிக் கட்டத்தில் அப்பாதுரையின் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'ஆட்சேபணை இல்லை. பாடணும்னா அவங்க பக்கம் பாடிக்கட்டும். மேலத்தெரு வழியா வரக் கூடாது.' அதன் கீழே பெரிய அதிகாரி, 'மேற்கண்ட நிபந்தனைக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தார்.

டீச்சர் இரண்டு முறை படித்தார். ஐந்து அதிகாரிகளிடம் சொன்னது, அப்பாதுரையிடம் நிறுத்தி நிதானமாகச் சொன்னது, தலைவர் முன்னால் சொல்ல வாய்ப்பே கிடைக்காதது, எந்தக் கட்டத்திலும் அடங்காதது. அதே வாக்கியம். இப்போது முத்திரை போட்டு அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள், அவருக்கே நிபந்தனையாக.

"நான் இன்னா டீச்சர் பண்ணட்டும்" என்றார் அப்பாதுரை தரையைப் பார்த்து. "அந்தாளு சொல்லச் சொல்ல எழுதிகினேன். எழுதும்போதே கை ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கியோ கேட்ட மாதிரி கீதேன்னு."

"இதுல ஒரு தப்பும் இல்லை ஹெட் சார்" என்றார் டீச்சர். "பத்துக்குப் பத்து."

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஊரப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார். சபை வாசலில் நாற்பது பேர் ஓலையோடு காத்திருந்தார்கள். பவனி புறப்பட்டு வாய்க்கால் தாண்டினதும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் வரப்பு, ஒன்பது வருடமாகப் போகிற வழி. வலப்பக்கம் மேலத்தெரு. முனையில் அப்பாதுரை நோட்டும் கையுமாக நின்றார், இன்று பந்தோபஸ்து அவருக்குத்தான். தெருவின் நடுவில், ரேஷன் கடை முன்னால், பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

டீச்சர் நின்றார். அவர் நின்றதும் எல்லோரும் நின்றார்கள்.

"இன்னா ரோசனை?" என்றார் ஞானம்மாள் பின்னாலிருந்து.

"கால் நடுங்குதும்மா."

"எனக்கும்தான் நடுங்குது. நடந்தா சரியாப் பூடும்."

டீச்சர் வலப்பக்கம் திரும்பினார். அப்பாதுரை பதறி இரண்டடி முன்னால் வந்தார்.

"டீச்சர், அந்தப் பக்கம் கெடையாது. ஆர்டர் கீது. வேலை பூடும், உள்ள வச்சிடுவாங்க."

"தெரியும் ஹெட் சார். எழுதிக்கங்க."

அவர் கைக்கடியாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டார். பேனா அடுத்த கட்டத்துக்கு வந்து நின்றது. "காரணம் இன்னான்னு எழுதட்டும்?"

"என் தம்பி பாதித் தெருதான் நடந்தான். மீதியை நடக்க வந்தோம்னு எழுதுங்க."

அப்பாதுரை கட்டங்களை மேலிருந்து கீழே பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லியே டீச்சர்."

டீச்சர் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தார். "ஓரத்துல இடம் இருக்கு" என்றார்.

பின்னால் ஞானம்மாள் பாட்டைத் தொடங்கினார். ரேஷன் கடை முன்னால் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக எழுந்து நின்றார். டீச்சர் ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.